மதகைத் திறக்காதீங்க: இறால் குளத்தில் நோய் வரும் நாள்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் இறால் பத்திப் பேசப்போறோம். ரெசிபி இல்லை, நோய்.

ஹோட்டல்ல இறால் பிரியாணி ஆர்டர் பண்றீங்க. எல்லா இறாலும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே சைஸ்ல வருது. அப்படி இருந்தா அது கடல்ல வலை போட்டுப் பிடிச்சதா இருக்க வாய்ப்பு கம்மி. பெரும்பாலும் அது வெனாமி. மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்குமான பசிபிக் கரைதான் அதோட சொந்த ஊர். நம்ம ஊர்ல கடலூர், மயிலாடுதுறை, நாகை, ராமநாதபுரம் பக்கம் கரையோரக் குளங்கள்ல நூறு, நூத்தி இருபது நாள் வளர்ந்து உங்க தட்டுக்கு வருது. அந்த நூறு நாள்ல அதுக்கு உடம்பு சரியில்லாமப் போனா யார் பார்ப்பாங்க? எப்படித் தெரியும்? என்ன மருந்து கொடுப்பாங்க? இதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேர் குளம், அதாவது ரெண்டரை ஏக்கர். வெனாமி வளர்க்க நம்ம நாட்டு விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 60 குஞ்சு விடலாம். ஒரு ஹெக்டேருக்கு 10,000 சதுர மீட்டர். ஆக 6 லட்சம் உயிர். ஒரு நடுத்தர நகரத்து ஜனத்தொகை, ஒரே குளத்துல, ஒரே தண்ணியைக் குடிச்சு, அதிலேயே கழிச்சு வாழுது. தண்ணி கலங்கலா, பச்சையாவோ பழுப்பாவோ இருக்கும். உள்ள ஒண்ணும் தெரியாது.

மாடு தீனி தின்னலைன்னா மாட்டுக்காரருக்கு அன்னைக்கே தெரியும், டாக்டரைக் கூப்பிடுவார். குளத்துல அது நடக்காது. அதனால இறால் பண்ணையில் ஒரு எளிமையான ஏற்பாடு வச்சிருக்காங்க, அதுக்குப் பேரு செக் ட்ரே. வலை அடிச்ச ஒரு சதுரத் தட்டு. தீவனம் போடும்போது கொஞ்சத்தை இதுலயும் போட்டுக் குளத்துல இறக்கிடுவாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தூக்கிப் பார்ப்பாங்க. தீவனம் காலியா? ஏறியிருக்கிற இறாலோட குடல் கருப்புக் கோடு மாதிரி நிறைஞ்சிருக்கா, விட்டு விட்டு இருக்கா? அந்தத் தட்டுதான் தெர்மாமீட்டர். தட்டில் தீவனம் மிஞ்ச ஆரம்பிச்சா பண்ணைக்காரர் தூக்கம் போச்சு.

இன்னொரு அறிகுறி வானத்துல தெரியும். உடம்பு முடியாத இறால் ஆழத்தை விட்டு மேலே வரும், கரையோரமா ஒதுங்கும். அதை நமக்கு முன்னாடி காக்காயும் கொக்கும் பார்த்துடும். ஒரு குளத்துக்கு மேல மட்டும் பறவை கூட்டம் சுத்துதுன்னா, அங்க ஏதோ சரியில்லை.

சரி, தெரிஞ்சுடுச்சு. ஊசி போடலாமே?

இங்க கொஞ்சம் நார்வே வரைக்கும் போய்ட்டு வரணும். மீனுக்கு ஊசி போடுறாங்க தெரியுமா? நிஜமா. நார்வேயில் வளர்க்கிற சால்மன் மீன் ஒவ்வொண்ணுக்கும், கடல் கூண்டுக்குப் போறதுக்கு முன்னாடி, மயக்க மருந்து கொடுத்து வயித்துல ஒரு ஊசி. முதல்ல கையால போட்டாங்க, இப்ப மெஷின் இருக்கு. 1987-இல் அங்க சால்மன் உற்பத்தி சுமார் 50 ஆயிரம் டன். அதுக்குப் பயன்படுத்தின ஆன்டிபயாடிக் கிட்டத்தட்ட 50 டன். இன்னைக்கு உற்பத்தி 10 லட்சம் டன்னைத் தாண்டிடுச்சு, ஆன்டிபயாடிக் வருஷத்துக்கு ஒரு டன்னுக்கும் கீழே. இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம் பாக்டீரியா நோய்களுக்கு வந்த தடுப்பூசி. மீன்வளர்ப்பு உலகத்துல இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இறாலுக்கு இதைச் செய்ய முடியாது. ஏன்னா தடுப்பூசி வேலை செய்யுறது ஞாபகத்தை வச்சு. நம்ம உடம்பும் மீனோட உடம்பும் ஒரு கிருமியை ஒருமுறை பார்த்தா அதுக்கான ஆன்டிபாடியைத் தயாரிச்சு, அடுத்த தடவைக்கு அடையாளம் வச்சுக்கும். இறால், நண்டு வகைகளுக்கு அந்த ஆன்டிபாடி அமைப்பே கிடையாது. அதுங்க உடம்பு சண்டை போடும், ஆனா பொதுவான சண்டை. வந்தவன் யாருன்னு பெயர் எழுதி வைக்கிற ரிஜிஸ்டர் இல்லை. இறாலுக்கும் ஏதாவது பயிற்சி கொடுக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடந்துட்டே இருக்கு. ஆனா சால்மனுக்குப் போடுற மாதிரி நம்பி வாங்கிப் போடக்கூடிய ஊசி பண்ணைக்காரர் கையில இல்லை.

வைரஸ் நோய்னா வந்தபிறகு கொடுக்கிற மருந்தும் இல்லை. அப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான், வராம பார்த்துக்கிறது. கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா அது எவ்வளவு பெரிய வேலை, யார் கையில இருக்கிற வேலைன்னு பார்த்தா கதை வேற பக்கம் போகும்.

நம்ம கரைக்கு வந்த வைரஸோட பேரு வெள்ளைப்புள்ளி. 1992, 93-இல் தைவான், சீனா, ஜப்பான் பக்கம் கிளம்பிச்சு. 1994-இல் இந்தியாவோட கிழக்குக் கரைக்கு வந்துடுச்சு. அப்ப இங்க வளர்த்தது டைகர் இறால், கருப்பு வரி போட்ட பெரிய ரகம். நோய் வெளியே தெரிஞ்சதும் மூணுல இருந்து பத்து நாளுக்குள்ள குளமே காலி ஆகலாம். தலை ஓட்டை உரிச்சுப் பார்த்தா உள்பக்கம் கடுகைவிடச் சின்னதா வெள்ளை வெள்ளையாப் புள்ளி. சில குளத்துல புள்ளிகூடத் தெரியாது, உடம்பு சிவந்து செத்துக் கிடக்கும்.

அந்த நேரத்துல இன்னொரு சண்டையும் நடந்துட்டிருந்தது. இறால் பண்ணைகளால நெல் வயலும் குடிதண்ணியும் உப்பாகுதுன்னு நாகப்பட்டினம் பக்கம் மக்கள் போராடினாங்க. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்குல 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள்ள இருக்கிற, பாரம்பரிய முறை அல்லாத பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது. அப்புறம் 2005-இல் சட்டம் வந்து, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் உருவாச்சு. தலைமையகம் நம்ம சென்னைதான். அந்த வழக்கைத் தனி எபிசோடா பேசணும். இங்க நான் கவனிக்கிறது ஒண்ணே ஒண்ணு: ஊர்க்காரங்க கேட்டதும், வைரஸ் கேக்க வச்சதும் ஒரே கேள்விதான். உன் குளத்துத் தண்ணி எங்க போகுது?

டைகர் இறால்ல ஒரு அடிப்படைச் சிக்கல் இருந்தது. குஞ்சு பொரிக்கத் தாய் இறாலைக் கடல்ல இருந்து பிடிச்சுட்டு வரணும். தாய்க்கு வைரஸ் இருந்தா குஞ்சுக்கும் வந்துடும். வெனாமி இந்த இடத்துலதான் ஜெயிச்சது. தலைமுறை தலைமுறையா மூடின கட்டடத்துக்குள்ள வளர்த்து, சோதிச்சுச் சோதிச்சு, குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லாத தாய் வரிசைகளை உருவாக்கிட்டாங்க. இதை எஸ்பிஎஃப்னு சொல்வாங்க. 2009-இல் இந்தியா வெனாமி வளர்க்க அனுமதி கொடுத்தது.

ஈசிஆர்ல டிரைவ் போறப்ப நீலாங்கரையைத் தாண்டியிருப்பீங்க. அங்க ஒரு கட்டடம் இருக்கு, நீர்வாழ் உயிரினத் தனிமைப்படுத்தல் மையம். ஹவாய், ஃப்ளோரிடா மாதிரி இடங்கள்ல இருந்து விமானத்துல வர்ற தாய் இறால்கள் நேரா ஹேட்சரிக்குப் போகாது. முதல்ல இங்க குவாரன்டைன்ல இருக்கணும், டெஸ்ட் எடுக்கணும், சுத்தம்னு வந்தாத்தான் வெளியே. கொரோனா சமயத்துல நாம ஏர்போர்ட்ல பட்ட பாட்டை இறால் அதுக்கு முன்னாடியே பட்டுட்டிருந்தது.

ஒரு தப்பான எண்ணம் பரவலா இருக்கு. எஸ்பிஎஃப்னா நோய் எதிர்ப்பு சக்தி உள்ள இறால்னு. இல்லைங்க. அது சுத்தமா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். மாஸ்க் போட்டு, யாரையும் பார்க்காம வீட்டுக்குள்ளயே வளர்ந்த குழந்தை மாதிரி. வெளியே வந்து கிருமி பட்டா மத்த இறால் மாதிரியே சாகும்.

ஹேட்சரியில இருந்து குஞ்சு வாங்கும்போது, அதைச் ‘சீடு’ன்னுதான் சொல்வாங்க, பிசிஆர் டெஸ்ட் பண்ணி வாங்கணும். இதுலயும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. லட்சக்கணக்குல வாங்குறோம், எல்லாத்தையும் டெஸ்ட் பண்ண முடியாது. மாதிரி எடுப்போம். ஒரு லாட்ல நூத்துக்கு 5 குஞ்சுக்கு வைரஸ் இருக்குன்னு வைங்க. அதுல 60 குஞ்சை எடுத்தா, ஒண்ணாவது மாட்ட 95 சதவீத வாய்ப்பு. நல்லது. ஆனா நூத்துக்கு ஒண்ணுக்குத்தான் வைரஸ் இருக்குன்னா? அதே 60-ல மாட்ட வாய்ப்பு 45 சதவீதம்தான். அதாவது பாதிக்குப் பாதிக்கும் மேல தப்பிச்சு உள்ள வந்துடும். ரிப்போர்ட்ல ‘நெகடிவ்’னு வர்றதுக்கு எத்தனை குஞ்சு எடுத்தாங்கங்கிற கேள்வி இல்லாம அர்த்தமே இல்லை. நம்ம ஊர் பண்ணைக்காரங்கள்ல விவரமானவங்க இதைக் கேட்டுத்தான் வாங்குறாங்க.

சீடு விடுறதுக்கு முன்னாடி குளத்துல நடக்கிற வேலையைச் சுருக்கமா சொல்றேன். போன தடவைச் சேறை எடுப்பாங்க. வெயில்ல தரை வெடிக்கிற வரைக்கும் காயவிடுவாங்க. சுண்ணாம்பு போடுவாங்க. தண்ணியை வலைப்பை வழியா வடிகட்டி ஏத்தி, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, சில நாள் அப்படியே விடுவாங்க. கரையைச் சுத்திக் குட்டையா ஒரு வலை வேலி, நண்டு ஏறாம இருக்க. நண்டுக்கு இந்த வைரஸ் வரும், பல நேரம் சாகாம சுமந்துட்டுத் திரியும். குளத்துக்கு மேல கயிறு கட்டுவாங்க, பறவைக்காக. பக்கத்துக் குளத்துல செத்த இறாலைத் தூக்கின காக்கா பாதி தின்னுட்டு இங்க போட்டுட்டா போச்சு. ஒரு குளத்து வலையும் வாளியும் இன்னொரு குளத்துக்குப் போகக்கூடாது.

வெள்ளைப்புள்ளிக்குக் குளிர்ந்த தண்ணி பிடிக்கும். 32, 33 டிகிரி வெதுவெதுப்புல வச்ச இறால்கள்ல சாவு நல்லாக் குறையுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. அதனால வடகிழக்கு மழைக்காலத்துல, தண்ணி சட்டுனு குளிருற நேரத்துல, சீடு விடத் தயங்குறவங்க நிறைய.

இதெல்லாம் செஞ்சும் நோய் வந்துடுச்சு. இப்பத்தான் நான் சொல்ல வந்த இடம் வருது.

வேதாரண்யம் பக்கம் ஒரு ஹெக்டேர் குளம் வச்சிருக்கிற ஒருத்தரைக் கற்பனை பண்ணிக்கோங்க. அறுபதாவது நாள். இறால் ஒவ்வொண்ணும் பத்து கிராம். மார்க்கெட் பாஷையில 100 கவுண்ட், அதாவது கிலோவுக்கு நூறு. இன்னும் ஒன்றரை மாசம் போனா 50 கவுண்ட் ஆகும், நல்ல விலை. இதுவரை போட்ட செலவுல பாதிக்கு மேல தீவனம். அதுவும் பல பேருக்குக் கடன். டீலர் கொடுப்பார், அறுவடையில் கழிச்சுக்குவார். காலையில செக் ட்ரேயில தீவனம் அப்படியே இருக்கு. கரையோரம் சிவப்பா நாலு இறால். ஓட்டை உரிச்சா புள்ளி.

அவருக்கு இருக்கிற நேரம் மணிக்கணக்குதான். இருக்கிறதை உடனே பிடிச்சு வித்தா கொஞ்சமாவது தேறும். மனுஷனுக்கு இந்த வைரஸ் ஒண்ணும் பண்ணாது, அதனால விக்கிறதுல தப்பில்லை. பொதுவா அறுவடை எப்படின்னா, மதகுல பை வலையைக் கட்டித் தண்ணியைத் திறந்து விட்டுடுவாங்க. தண்ணியோட இறால் வந்து வலையில விழும். வேகம், ஆள் கம்மி. ஆனா வெனாமி விதி என்ன சொல்லுதுன்னா, நோய் வந்த குளத்துல வலை வீசி மட்டும்தான் பிடிக்கணும். தண்ணியைத் திறக்கக்கூடாது. பிடிச்சு முடிச்சதும் அந்தத் தண்ணிக்குக் குளோரின் போட்டு வைரஸைக் கொன்னு, குளோரின் போனபிறகுதான் வெளியே விடணும்.

காரணம் புரியுது. வைரஸ் ஆய்வகத்துக் கடல்நீர்ல 30 நாள் வரைக்கும், குளத்துத் தண்ணியில மூணு நாலு நாளும் தாக்குப்பிடிக்கும். மதகைத் திறந்தா வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து உப்பனாறு. அதே உப்பனாத்துல இருந்துதான் பக்கத்துப் பண்ணை மோட்டார் தண்ணி ஏத்துது. ஒருத்தர் கழிவு, இன்னொருத்தர் குடிதண்ணி.

இப்ப செலவைப் பாருங்க. ஒரு ஹெக்டேர், ஒன்றரை மீட்டர் ஆழம்னா 15,000 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 60 கிராம் ப்ளீச்சிங் பவுடர்னு வச்சாலே 900 கிலோ. இருபத்தஞ்சு கிலோ மூட்டை 36. பயிர் போனவர், கடன்ல நிக்கிறவர், தனக்கு இனி ஒரு பைசா பிரயோஜனம் இல்லாத தண்ணிக்கு 36 மூட்டை ப்ளீச்சிங் வாங்கிக் கொட்டணும். யாருக்காக? பக்கத்துக் குளத்துக்காரருக்காக. நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பரவின அளவு இறாலுக்கு இன்னும் பரவலை. ராத்திரி ரெண்டு மணிக்கு மதகுப் பலகையைத் தூக்கிட்டா யாருக்குத் தெரியும்?

இறால் நோயைப் பத்தி நான் படிச்சதுல என்னை அதிகம் யோசிக்க வச்ச இடம் இதுதான். நாம இதை வைரஸ் பிரச்சினை, டெக்னாலஜி பிரச்சினைன்னு பேசுறோம். பாதிக்கு மேல இது பக்கத்து வீட்டுப் பிரச்சினை.

ப்ளீச்சிங்கைவிட மலிவான தடுப்பு ஒண்ணு இருக்கு. ஒரு போன் கால். ‘அண்ணே, என் குளத்துல வெள்ளைப்புள்ளி வந்துடுச்சு. ஒரு வாரத்துக்கு ஆத்துல இருந்து தண்ணி ஏத்தாதீங்க.’ அவ்வளவுதான். அந்த அண்ணன் மோட்டாரை நிறுத்துவார், தேக்கி வச்ச தண்ணியை வச்சு ஓட்டுவார், கயிறு அறுந்திருந்தா கட்டுவார். அவரோட ஆறு லட்சம் பிழைக்கலாம்.

ஆனா அந்த போனைப் போடுறதுக்கும் ஒரு விலை இருக்கு. விஷயம் பரவினா வியாபாரி விலையைக் குறைப்பார், அவசரத்துல இருக்கேன்னு தெரியுமே. தீவன டீலர் மதியமே வந்து கடனைக் கேப்பார். சீடு சரியில்லைன்னா ஹேட்சரிக்காரர் குளம் தயார் பண்ணினதுல குறைன்னு திருப்புவார். கூடவே அவமானம்: இவனுக்குப் பண்ணை நடத்தத் தெரியலைன்னு ஊர் பேசும். அதனால சொல்லாம இருக்கிறவரை வெறும் கெட்டவர்னு நான் நினைக்கலை. சொன்னா நஷ்டம், சொல்லாட்டி நஷ்டம் இன்னொருத்தருக்கு. விதியை மட்டும் எழுதி வச்சுட்டு, சொல்றவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லைன்னா, மதகு ராத்திரி திறக்கத்தான் செய்யும்.

இதை வேற ஒரு நாடு கொஞ்சம் பெரிய அளவுல கத்துக்கிச்சு. சிலி. அங்க கடல் கூண்டுல சால்மன். பண்ணைகள் நெருக்கி நெருக்கி இருந்தது. 2007-இல் சிலோயே தீவுப் பக்கம் சால்மனுக்கு ரத்தசோகை உண்டாக்குற ஒரு வைரஸ் உறுதியாச்சு. அடுத்த சில வருஷத்துல அட்லான்டிக் சால்மன் உற்பத்தி மூணுல ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது, ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. அதுக்கப்புறம் அவங்க கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் பேச்சு வழக்குல ‘பாரியோ’ன்னு பேரு. ஸ்பானிஷ்ல பாரியோன்னா நம்ம ‘பேட்டை’ மாதிரி. ஒரு கடல் பகுதியில இருக்கிற எல்லாப் பண்ணையும் ஒரு பேட்டை. ஒரே காலத்துல மீன் விடணும், எல்லாரும் ஒண்ணா காலி பண்ணணும், மூணு மாசம் மொத்தப் பேட்டையும் சும்மா கிடக்கணும். தங்க இடம் இல்லாத கிருமி தானா அறுந்து போகட்டும்னு. நீ எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, பக்கத்துக் கூண்டுக்காரனோட காலண்டர்தான் உன் காலண்டர்.

இதனால சிலியில எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். இன்னொரு பாக்டீரியா நோய் இன்னும் விடலை. நார்வே மாதிரி அதுக்குச் சரியான ஊசி அமையலை. அதனால சமீப வருஷங்கள்லயும் ஆண்டுக்கு 300 டன்னுக்கு மேல ஆன்டிபயாடிக் போகுது.

நம்ம நாட்டுலயும் சின்னப் பண்ணைக்காரங்களைச் சேர்க்கிற முயற்சி இருக்கு. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 2007-இல் இதுக்குன்னு நாக்சான்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சது. ஒரே வாய்க்காலை நம்பியிருக்கிறவங்க சங்கமா சேர்ந்து, சேர்ந்தே சீடு வாங்கி, ஒரே வாரத்துல குளத்துல விட்டு, தண்ணி எப்ப ஏத்துறது எப்ப விடுறதுன்னு பேசி முடிவு பண்றது. ஆந்திராவுல இது நல்லா வேரூன்றிச்சு. சங்கம்னு ஒண்ணு இருந்தா அந்த போன் காலைப் போடுறதும் கொஞ்சம் சுலபம். நஷ்டத்தைத் தனியா சொல்ல வேண்டாம்ல.

மருந்துக் கடை விஷயத்தையும் சொல்லிடறேன். நோய் பயத்துல இருக்கிறவர்கிட்ட எதை வேணா விக்கலாம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஆனாலும் ஒரு காலத்துல கொட்டினாங்க. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மாதிரி மருந்துகள் இறால் வளர்ப்பில் தடை. ஏற்றுமதி சரக்குல அதோட சுவடு இருந்தா திரும்பி வரும். 2016-இல் இருந்து ஐரோப்பிய யூனியன் இந்தியாவிலிருந்து போற வளர்ப்பு இறால் சரக்குல பாதியை, ரெண்டுக்கு ஒண்ணுங்கிற கணக்குல, சோதிக்க ஆரம்பிச்சது. முன்னாடி பத்துக்கு ஒண்ணுதான். ஒருத்தர் போட்ட மருந்துக்கு மொத்தக் கரையும் வரிசையில நிக்குது. இதுவும் ஒரு வகையில மதகுதான்.

இப்ப பண்ணைக்காரங்களை வெள்ளைப்புள்ளிக்குச் சமமா வாட்டுற இன்னொண்ணு இருக்கு. ஈஎச்பின்னு சொல்வாங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டுண்ணி, பூஞ்சைக்குச் சொந்தக்காரன் மாதிரி. இது கொல்றதில்லை. வளரவிடாது. நூறு நாள் தீவனம் போட்டு 50 கவுண்ட் எதிர்பார்த்தா 100 கவுண்ட்லயே நிக்கும். காக்கா வராது, சாவு இல்லை, மதகைத் திறக்கலாமா வேண்டாமான்னு கேள்விகூட எழாது. அதோட வித்து சேத்துல தங்கிடும். இதுக்குத் தாய்லாந்து ஆய்வாளர்கள் சொன்ன வழி: குளத்தைக் காயப்போட்டு, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பை மண்ணோட உழுது கலந்து, நனைச்சு, மண்ணோட பிஎச் 12 வரைக்கும் ஏத்தி ஒரு வாரம் விடணும். ஆறு டன். முன்னாடி சொன்ன 900 கிலோ இதுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்லை.

கடைசியா, கேக்கிற உங்களுக்கு. சாப்பிடலாமா? தாராளமா, வேகவச்சு. வெள்ளைப்புள்ளியோ ஈஎச்பியோ மனுஷனுக்கு வராது. ஆனா நீங்களும் இந்த வாய்க்கால்ல ஒரு ஆள்தான். 2016 கடைசியில ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து லோகன் ஆத்தோரம் இருந்த இறால் பண்ணைகளை வெள்ளைப்புள்ளி அடிச்சுத் துடைச்சது. அதுவரை அந்த நாட்டுப் பண்ணைகள்ல இல்லாத நோய். எப்படி வந்ததுன்னு கடைசிவரை உறுதியாகலை. பலமான சந்தேகம், கடையில வாங்கின இறக்குமதி பச்சை இறாலைத் தூண்டில்ல மாட்டி ஆத்துல போட்டவங்க மேல. ஃப்ரீசர்ல வச்சா இந்த வைரஸ் சாகாது. 2017 ஜனவரியில ஆஸ்திரேலியா பச்சை இறால் இறக்குமதியையே சில மாசம் நிறுத்திடுச்சு.

அதனால முகத்துவாரம் பக்கம் தூண்டில் போடப் போறவங்க கடை இறாலை இரையா மாட்டாதீங்க. வீட்டுல உரிச்ச தலையையும் ஓட்டையும் குப்பையில போடுங்க, ஆத்துலயோ கழிமுகத்துலயோ கொட்ட வேண்டாம்.

அடுத்த வாரம் உப்பு. மரக்காணம் உப்பளத்துக்குப் போறோம். வழியில ஹேட்சரி போர்டு வரிசையா வரும், பார்த்துட்டே வாங்க.